மடக்கும் போனா, மடக்காத போனா: திறப்பது உங்களுக்கு லாபமா, செலவா?

"மடக்கும் போன், மடக்காத போன் இரண்டில் எது நல்ல வடிவம்? பழைய ஃபிளிப் போன் மேல் பலருக்கு இன்னும் ஆசை இருக்கிறது. இப்போது வரும் ஃபோல்ட் போன்கள் அந்த ஆசையைத் தீர்க்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீண்ட காலமாக போன் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பட்டன் காலத்து ஃபிளிப்பையும் பிரித்திருக்கிறேன், இப்போதைய ஃபோல்டையும் பிரித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மடக்கும் போனில் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது: திறப்பது. அந்த வேலை உங்களுக்கு ஏதாவது தருகிறதா, இல்லை உங்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். திரை அளவு, கேமரா, பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மடக்கும் போன் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. இரண்டின் நோக்கமும் நேர் எதிர். ஒன்று, சாதாரண அளவு போனை மடித்துச் சின்னதாக்குவது. இன்னொன்று, சாதாரண அளவு போனை விரித்துப் பெரிதாக்குவது. இரண்டுக்குமே முன்னோடி 1996ஆம் ஆண்டில் வந்தது. மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் 88 கிராம்தான், சிப்பி போல மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதே வருடம் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் 397 கிராம். நீளவாக்கில் திறந்தால் உள்ளே அகலமான திரையும் முழு விசைப்பலகையும் இருக்கும். இன்றைய ஃபிளிப் ரகம் ஸ்டார்டாக்கின் வாரிசு, புத்தகம் போலத் திறக்கும் ஃபோல்ட் ரகம் கம்யூனிகேட்டரின் வாரிசு. "மடக்கும் போன் பிடிக்கும்" என்று இரண்டு பேர் சொன்னால், இரண்டு பேரும் வேறு வேறு பொருளைத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஃபிளிப்பை மக்கள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள்? ஸ்டைல் ஒரு காரணம்தான். 2004இல் வந்த மோட்டோரோலா ரேஸர் வி3, மூடினாலும் 13.9 மில்லிமீட்டர் கனம்தான். அந்த ஒல்லிக்காகவே 13 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான காரணம் மூடி செய்த வேலைகள். மூடினால் திரையும் பட்டன்களும் உள்ளே போய்விடும், சாவிக்கொத்து உரசினாலும் கவலை இல்லை. பட்டன் தானாக அழுந்தி யாருக்கோ அழைப்பு போகாது, கீபேடை லாக் செய்யும் வேலையே கிடையாது. அழைப்பு வந்தால் திறந்தால் போதும், பேசி முடித்தால் மூடினால் போதும். இன்னொன்றும் உண்டு. திறந்த ஃபிளிப் சற்று வளைந்து நிற்பதால், காதுக்கு ஸ்பீக்கரும் வாய்க்கு மைக்கும் சரியாக வந்து அமரும். பேசுவதற்கென்றே செய்த வடிவம் அது. திறப்பது, மூடுவது என்ற ஒவ்வொரு அசைவும் ஏதோ ஒரு வேலையை முடித்துக் கொடுத்தது. அதனால்தான் அந்த 'டப்' சத்தத்தை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கம், மடக்காத பட்டன் போன். 2003இல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. ரேஸரை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் அசையும் பாகம் என்று பட்டன்களைத் தவிர ஒன்றும் இல்லை. பையில் இருந்து எடுக்கும்போதே கட்டைவிரல் வேலையைத் தொடங்கிவிடும். பார்க்காமலே எண்ணை அழுத்தலாம். கீழே போட்டால் பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் தெறிக்கும், எடுத்துப் பொருத்தினால் மறுபடி ஓடும். ஃபிளிப் போன்களுக்கு அந்த ஆயுள் கிடையாது. மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் கீல் வழியாகப் போகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது வளையும். முதலில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரை வெள்ளையாகும், அப்புறம் காது ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்கும், ஒருநாள் மொத்தமும் இருண்டுவிடும். போர்டு நன்றாகவே இருக்கும், பேட்டரி நன்றாகவே இருக்கும், அந்த ஒரு கேபிள் போனதால் போனே போன மாதிரி.

2007இல் ஐபோன் வந்த பிறகு மடக்கும் வடிவம் பத்து வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட ஓரம் கட்டப்பட்டது. மக்களுக்கு ரசனை மாறிவிட்டது என்று இதைச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடித் திரையாக ஆனது, கண்ணாடியை மடக்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.

ஏன் மடக்க முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் வரும் பல விஷயங்கள் இதில்தான் தொங்குகின்றன. ஒரு தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். எவ்வளவு இழுபடும் என்பதை, தகட்டின் கனத்தை வளைவு ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்துச் சொல்லலாம். சாதாரண போனின் மேல் கண்ணாடி சுமார் 0.6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதை 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்கினால் வெளிப்பக்கம் 20 சதவீதம் நீள வேண்டும். எந்தக் கண்ணாடியும் அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும். அதே கண்ணாடியை 30 மைக்ரானாக (0.03 மில்லிமீட்டர்), தலைமுடியை விட மெல்லியதாக, ஆக்கினால் இழுவிசையால் வரும் நீட்சி 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2020இல் வந்த கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் சாம்சங் போட்டது இந்த ரகக் கண்ணாடிதான். அதற்கு முந்தைய வருடத்து கேலக்ஸி ஃபோல்டில் மேலே வெறும் பிளாஸ்டிக் படலம்தான் இருந்தது. 2019 ஏப்ரலில், விற்பனைக்கு முன்பே சோதித்துப் பார்க்க அந்தப் போன் கொடுக்கப்பட்ட விமர்சகர்களில் சிலர், அந்தப் படலத்தைச் சாதாரண ஸ்க்ரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட்டார்கள், திரை போய்விட்டது. விற்பனையே செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

30 மைக்ரான் கண்ணாடி மடங்கும், ஆனால் குத்தினால் தாங்காது. அதனால் அதன் மேல் இன்றும் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டித்தான் வருகிறது. உங்கள் விரல் தொடுவது கண்ணாடியை அல்ல, அந்தப் படலத்தை. சாதாரண போன் கண்ணாடியில் நகம் பட்டால் ஒன்றும் ஆகாது. ஃபோல்டின் உள்திரையில் நகத்தை அழுத்தினால் தடம் விழலாம். மூடும்போது நடுவில் ஒரு சின்ன மணல் துகள் மாட்டிக்கொண்டால் அது திரைக்குள் பதிந்துவிடும். "உள்ளே கண்ணாடிதானே" என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

மடிப்புக் கோடு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நேராகப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், விரலை ஓட்டினால் தட்டுப்படும். இப்போதைய கீல்கள் மூடும்போது திரையை நீர்த்துளி வடிவில் உள்ளே தொங்க விடுகின்றன. அதனால் வளைவு ஆரம் பெரிதாகிறது, கோடு மெலிகிறது, இரண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் ஒட்டி மூடுகின்றன. ஓப்போவின் முதல் ஃபைண்ட் என் 2021லேயே இதைச் செய்தது, சாம்சங் 2023இல்தான் வந்தது. கோடு என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. தூசிதான் என் கவலை.

இந்தப் போன்களில் ஐபி48 என்று ஒரு தரக்குறி பார்ப்பீர்கள். அதில் 8 என்பது தண்ணீருக்கு. மூழ்கினாலும் ஓரளவு தாங்கும். 4 என்பது திடப்பொருளுக்கு. 1 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதைத்தான் தடுக்கும் என்று அர்த்தம். மாவு, நுண்மணல், பஞ்சு எல்லாம் அதை விடச் சின்னவை. சாதாரண உயர்ரகப் போன்கள் ஐபி68. தூசி உள்ளே போகவே போகாது. 2025இல் கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்டுதான் ஃபோல்ட் ரகத்தில் முதல்முறையாக ஐபி68 வாங்கியது. மணல், சிமென்ட், மரத்தூள் நடுவே வேலை பார்ப்பவராக இருந்தால், மற்ற எதையும் யோசிக்காமல் மடக்காத போனுக்கே போங்கள்.

சரி, புத்தகம் போலத் திறக்கும் ரகத்தைப் பார்ப்போம். இதை வாங்க நினைப்பவர்கள் அநேகம் பேர் சொல்லும் காரணம், "படம் பெரிதாகத் தெரியும்". இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சாம்சங்கின் கேலக்ஸி இசட் ஃபோல்ட் 7இன் உள்திரை 8 அங்குலம், ஏறக்குறைய சதுரம். ஒரு பெரிய மடக்காத போன் 6.9 அங்குலம், நீளம். மொத்தப் பரப்பில் ஃபோல்ட் சுமார் 75 சதவீதம் பெரிது. ஆனால் வீடியோ சதுரமாக வருவதில்லை. வழக்கமான 16:9 வீடியோவை ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, காட்சி மூன்றில் ஒரு பங்குதான் பெரிதாகிறது. சினிமாஸ்கோப் அகலத்தில் எடுத்த திரைப்படம் என்றால் நிலைமை தலைகீழ்: மடக்காத அந்தப் பெரிய போனில்தான் படம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்! திரைப்படம் பார்ப்பதற்காக மட்டும் ஃபோல்ட் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அந்த 75 சதவீதம் முழுதாகக் கிடைப்பது எழுத்திலும் படத்தாளிலும்தான். பக்கமாக வடிவமைத்த பிடிஎஃப், கட்டட வரைபடம், கணக்கு ஷீட், மின்சுற்றுப் படம், இசைக்குறிப்பு, வரைபடத்தில் வழி பார்ப்பது, ஒரு பக்கம் மின்னஞ்சலும் மறுபக்கம் அது கேட்கும் ஆவணமும். நான் போர்டு பழுது பார்க்கும்போது சுற்றுப்படத்தைச் சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் பார்ப்பதற்கும், விரித்த திரையில் ஒரே பார்வையில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. தொடர்பு கண்ணுக்கு முன்னால் கிடக்கும், மனதில் சுமக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இது வேண்டுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று சொல்கிறேன். இப்போது கையில் இருக்கும் போனில், சில நாள் உங்கள் விரல்களையே கவனியுங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது, பக்கவாட்டில் நகர்த்திப் படிப்பது, போனைப் படுக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பது, இரண்டு செயலிகளுக்கு நடுவே மாறி மாறித் தாவுவது. இவை அடிக்கடி நடந்தால் விரியும் திரை உங்களுக்கு உதவும். நீங்கள் செய்வதெல்லாம் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போவதும், செய்திக்குப் பதில் போடுவதும், போட்டோ எடுப்பதும் என்றால், அதையெல்லாம் ஃபோல்டின் வெளித்திரையிலேயே செய்துவிடுவீர்கள். உள்திரை மூடியே கிடக்கும். அதைத் திறக்க இரண்டு கையும் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய ஃபிளிப்பைக் கட்டைவிரலால் தட்டித் திறந்த பழக்கம் இங்கே செல்லாது. கீலும் காந்தமும் இறுக்கமாக இருக்கும், அப்படி இருந்தால்தான் பாதி கோணத்தில் நிற்கும்.

கனமும் எடையும் பற்றிய பழைய குறை இப்போது அநேகமாகத் தீர்ந்துவிட்டது. 2021இன் இசட் ஃபோல்ட் 3, 271 கிராம். மூடினால் கீல் பக்கம் 16 மில்லிமீட்டர். 2025இன் ஃபோல்ட் 7, 215 கிராம், மூடினால் 8.9 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் மடக்காத எஸ்25 அல்ட்ராவே 218 கிராம், 8.2 மில்லிமீட்டர். ஆனால் ஒல்லியாக்கியதற்கு விலை உண்டு. திறந்தால் ஒவ்வொரு பாதியும் 4.2 மில்லிமீட்டர்தான், அதற்குள் பெரிய பேட்டரி எப்படி வைப்பது? ஃபோல்டில் 4,400 எம்ஏஎச், அல்ட்ராவில் 5,000. பெரிய திரைக்குச் சின்ன பேட்டரி. தூரத்தை இழுக்கும் கேமரா லென்ஸ்களுக்கும் ஆழம் வேண்டும், அதனால் அதிலும் மடக்காத போனுக்கே முன்னுரிமை. எழுதுகோலால் எழுதும் வசதியையும் ஒல்லிக்காக ஃபோல்ட் 7இல் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய திரையில் எழுதத்தானே பலரும் வாங்கினார்கள், அதை எடுத்தது எனக்கு வருத்தம்தான். வெளிப்பக்கமாக மடக்கும் ரகமும், 2024இல் ஹுவாவே கொண்டுவந்த மேட் எக்ஸ்டி மாதிரி மூன்றாக மடக்கும் 10.2 அங்குல ரகமும் உண்டு. இரண்டிலும் மூடிய பிறகும் மென்மையான திரையில் ஒரு பகுதி வெளியே இருக்கிறது என்பது எனக்கு நெருடல்.

அடுத்து ஃபிளிப் ரகம். பழைய ஆசை உள்ளவர்கள் போவது இங்கேதான். இதில் பரப்பு கூடுவதில்லை, திறந்தால் வழக்கமான போன்தான். கிடைப்பது உயரக் குறைப்பு: சின்னப் பைக்குள் போகும், உட்காரும்போது இடுப்பில் குத்தாது. பாதி மடக்கி மேசையில் வைத்தால் தானே நிற்கும், வீடியோ அழைப்புக்கும் குழுப் படத்துக்கும் தாங்கி வேண்டாம். மூடிய நிலையில் வெளித்திரையைப் பார்த்துக்கொண்டே பின்பக்க முதன்மைக் கேமராவால் தன்படம் எடுக்கலாம். பதிலுக்கு, பையில் தடிமன் இரண்டு மடங்காகும்.

ஆனால் ஃபிளிப் ரகத்தின் பெரிய பலனாக நான் நினைப்பது வேறு. மூடிவிட்டால் திரை கண்ணில் படாது. எடுத்தவுடன் விரல் தானாக ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, நடுவில் ஒரு தடை. திறக்க வேண்டும் என்றால் எதற்காகத் திறக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றும். மூடினால் முடிந்தது என்று கைக்கே தெரியும். இங்கே திறக்கும் சிரமம்தான் நன்மை. 2020இன் முதல் இசட் ஃபிளிப்பில் வெளித்திரை 1.1 அங்குலம், நேரமும் யார் அழைக்கிறார்கள் என்பதும் மட்டும் தெரியும். 2025இன் ஃபிளிப் 7இல் அது 4.1 அங்குலம், முன்பக்கத்தையே அடைத்துவிட்டது. திறக்காமலே எல்லாம் செய்யலாம் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். தடை வேண்டும் என்று வாங்குபவருக்கு அது பின்னடைவு. அந்த நோக்கம் உங்களுக்கு இருந்தால், வெளித்திரையில் அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு நேரத்தை மட்டும் விட்டு வையுங்கள்.

பெரியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் என் பதில் தெளிவானது: பட்டன் வைத்த ஃபிளிப். 2022இல் வந்த நோக்கியா 2660 ஃபிளிப் மாதிரி ரகங்கள் இன்னும் வருகின்றன, அவசர அழைப்புக்குத் தனிப் பட்டனும் அதில் உண்டு. வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருந்தால் தொடுதிரை சரியாக உணராது. உணர்ந்தாலும், பச்சை வட்டத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தடுமாறுவார்கள், அதற்குள் அழைப்பு நின்றுவிடும். திறந்தால் பேசலாம், மூடினால் முடிந்தது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூடியிருப்பதை உணரவும் இறுக்கிப் பிடிக்கவும் மடக்கும் போன்களில் காந்தம் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை நெஞ்சுப் பையில் வைக்கக் கூடாது.

ஆயுள் பற்றி. முதல் ஃபோல்ட் 2 லட்சம் முறை மடக்கினாலும் தாங்கும் என்றார்கள். நாளைக்கு 100 முறை என்றால் 2,000 நாள், சுமார் ஐந்தரை வருடம். ஃபோல்ட் 7இன் திரையை 5 லட்சம் முறை சோதித்ததாகச் சொல்கிறார்கள். இந்த எண்களை நான் நம்புகிறேன். ஆனால் அவை சுத்தமான அறையில், ஒரே சீரான விசையில், இயந்திரம் மடக்கிய எண்கள். என் மேசைக்கு வரும் ஃபோல்டுகள் மடக்கி மடக்கிக் களைத்து வருவதில்லை. கீழே விழுந்து கீல் கோணி வருகின்றன, துகள் மாட்டித் திரையில் கோடு விழுந்து வருகின்றன, மடிப்பில் மேல் படலம் உரிந்து வருகின்றன. மடக்காத போனில் கண்ணாடி உடைந்தால் டிஸ்ப்ளேயை மட்டும் மாற்றலாம். ஃபோல்டில் உள்திரை கீலோடும் சட்டத்தோடும் சேர்ந்த ஒரே தொகுப்பாகத்தான் பெரும்பாலும் வரும், செலவும் அதற்கேற்ற மாதிரி. காப்பீடு எடுக்காமல் ஃபோல்ட் வாங்காதீர்கள்.

நான் தினமும் வைத்திருப்பது மடக்காத போன்தான். ஒரு கையில் கருவி இருக்கும்போது மறு கையால் எடுத்துப் பேச வேண்டும், தூசியில் கிடக்கும், விழும். சுற்றுப்படத்துக்குத் தனியாக டேப்லெட் இருக்கிறது, அது மேசையை விட்டு நகர்வதில்லை. எப்போதும் பயணத்தில் இருந்துகொண்டு, ஆவணங்களோடே வாழ்பவர் என்றால் இதே காரணத்தால் ஃபோல்டைத்தான் எடுக்கச் சொல்வேன். டேப்லெட்டைத் தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

பழைய ஃபோல்டையோ ஃபிளிப்பையோ ஒருவர் கையிலிருந்து வாங்குவதாக இருந்தால், இவற்றைப் பாருங்கள். முழு வெள்ளைத் திரையை வைத்து மடிப்பு ஓரம் ஓரமாகப் பாருங்கள், கறுப்புப் புள்ளியோ மெல்லிய கோடோ தெரிந்தால் வேண்டாம். மெதுவாகத் திறந்து மூடுங்கள், நறநறவென்று சத்தம் வந்தால் கீலுக்குள் மண் போயிருக்கிறது. பாதியில் விட்டால் நிற்கிறதா, தானே சரிகிறதா? முழுதாக விரித்து மேசையில் வைத்தால் தட்டையாகப் படிகிறதா? மடிப்புக்கு இரண்டு பக்கமும் தொடுதல் வேலை செய்கிறதா என்று ஒரு ஐகானை இழுத்துக்கொண்டே மடிப்பைக் கடந்து பாருங்கள். உள்திரையின் மேல் படலம் ஓரத்தில் கிளம்பியிருந்தால் நீங்களாக உரிக்காதீர்கள், அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.